விரல் விட்டு எண்ணுனா புள்ள மக்காயிடுமா?

சேலத்து_ராஜி: "வீட்ல விரல் விட்டு எண்ணப் பழக்குறதாலதான் மூணாங்கிளாஸ் வந்தும் கழித்தல் வரல"ன்னு காலைல ஒரு மேடம் போட்டிருந்தாங்க, படிச்சதுல இருந்து எரியுது. என் மாமியார் பொண்ணுக்கு விரல் கணுவுலதான் எண்ணச் சொல்லிக்குடுத்தாங்க, விரலுக்கு மூணு கணு, கட்டைவிரலை விட்டா கைக்குப் பன்னெண்டு. வாழைப்பழக் கடையில டஜன் கணக்கு அவதான் சொல்றா.

கணக்கு_டீச்சர்: அந்த மேடம் நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். 52ல 27ஐக் கழிக்கச் சொன்னா என் கிளாஸ்ல பாதிப்பேர் 35னு எழுதுறாங்க. ரெண்டுல ஏழு போகாதுன்னு ஏழுல ரெண்டைக் கழிச்சு வச்சுடுறாங்க. எல்லாம் விரல் பழக்கம்.

ஒன்றரை_ஷிப்ட்: அது விரல் பண்ண தப்புங்களா டீச்சர்? கடன் வாங்குறதுன்னா ஒரு பத்தைப் பிரிக்கிறதுன்னு புரியல, அவ்வளவுதான். விரல் விட்டு எண்ணியிருந்தா 25னு சரியா வந்திருக்கும்.

கணக்கு_டீச்சர்: 27 விரல் யாருக்கு சார் இருக்கு?

சேலத்து_ராஜி: ரெண்டு கையிலயும் 24 கணு இருக்கு. மீதி மூணுக்கு உங்க கையைக் குடுங்க.

கணக்கு_டீச்சர்: நக்கல் நல்லா வருது. போன மாசம் ஹோம்வொர்க் சண்டையிலயும் இதேதான் பண்ணீங்க.

அபாகஸ்_அப்பா: எல்லாரும் அபாகஸ்ல சேத்து விடுங்க, பிரச்சனையே இல்ல.

ஒன்றரை_ஷிப்ட்: ஃபீஸ் நீங்க கட்டுவீங்களா? திருப்பூர்ல பனியன் கம்பெனி விட்டு நான் வர்றப்ப ராத்திரி ஒம்போது, பையன் தூங்கிருவான், இதுல எங்கிருந்துங்க பக்கத்துல உக்காந்து சொல்லித்தர்றது? தன்னார்வலருங்க தெருவுலயே பாடம் சொல்லித்தர்ற கவர்மென்ட் திட்டம், இல்லம் தேடிக் கல்வி, வந்தப்ப எங்க தெரு அக்காதான் புளியங்கொட்டையைப் பத்துப்பத்தா குமிச்சு வச்சுக் காட்டுனாங்க, ஒரு குமியைக் கலைச்சாத்தான் ஏழு கொட்டையை எடுக்க முடியும்னு அப்பத்தான் அவனுக்குப் புரிஞ்சுது.

கணக்கு_டீச்சர்: 2022ல சின்ன கிளாஸ் புள்ளைங்களுக்கு எண்ணும் எழுத்தும்னு கவர்மென்ட் திட்டம் வந்ததுல இருந்து நாங்களும் மணி, குச்சி எல்லாம் வச்சுத்தான் நடத்துறோம். கொட்டை வேற, விரல் வேற.

அபாகஸ்_அப்பா: கவர்மென்ட் ஸ்கூல்னாலே இப்படித்தான்.

கணக்கு_டீச்சர்: சார், உங்க வீட்டுப் புள்ள எங்க படிக்குதுன்னு நான் கேட்டேனா? கேட்டது விரலைப் பத்தி.

ஒன்றரை_ஷிப்ட்: கொட்டையை எடுக்குறதும் விரல்தானுங்க டீச்சர்.

கணக்கு_டீச்சர்: எடுக்குறது வேற, எண்ணுறது வேற. நூறு தடவை சொல்லியாச்சு.

சேலத்து_ராஜி: என் பொண்ணு இப்பத்தான் 52ல 27 போட்டா, 25. நோட்டை போட்டோ எடுத்துப் போடவா?

கணக்கு_டீச்சர்: போட்டோ வேணாம். கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு வாயால சொல்ற வீடியோ போடுங்க.