ஆச்சி வீட்டு குரூப்: மறுவீட்டுச் சொதிக்கு மறுநாள்

செல்வி அக்கா, காலை 5:52
யாரும் பயப்படாதீங்க. அப்பா நல்லாருக்காவ. ராத்திரி ஒன்றரைக்கு நெஞ்சு எரியுது, அடைக்குன்னு எந்திரிச்சு உக்காந்துட்டாவ. பனியன் பிழியுற மாதிரி வேர்வை. ஆஸ்பத்திரிலதான் இருக்கோம். ஈசிஜி நார்மல்

குமார் (பெங்களூரு), 5:58
அக்கா போன் எடு

ராஜி அத்தை, 6:03
முருகா 🙏🙏

ஆறுமுகம் மாமா, 6:05
நாலு கரண்டி சொதி. நான் எண்ணினேன்

செல்வி அக்கா, 6:07
மதியம் இல்ல மாமா. மிச்சச் சொதியச் சூடு பண்ணச் சொல்லி பத்தரைக்குச் சாப்பிட்டாவ. பதினொண்ணுக்குள்ள படுத்தாச்சு

மீனா மைனி, 6:10
இஞ்சித் துவையல் இல்லாமச் சாப்பிட்டா அப்படித்தான்

ராஜி அத்தை, 6:11
ரெண்டாம் பந்திக்கே தீந்துபோச்சே. மாப்பிள்ளை வீட்ல கேட்டாவ

மீனா மைனி, 6:12
ஒரு கிலோ இஞ்சிதான் என் கைக்கு வந்துச்சு. யாரு வாங்கினான்னு எல்லாருக்கும் தெரியும்

குமார் (பெங்களூரு), 6:12
இப்ப இதா முக்கியம்

சங்கரன் சித்தப்பா, 6:31
32 வருஷம் அரசு ஆஸ்பத்திரியில மருந்து எடுத்துக் குடுத்தவன் சொல்றேன், முழுசாப் படிங்க. உணவுக்குழாய் இரைப்பையில சேர்ற இடத்துல சுருக்குப்பை வாய் மாதிரி ஒரு தசை உண்டு. சாப்பாடு உள்ள போனதும் அது இறுகிக்கிடணும். வயிறு முட்டச் சாப்பிட்டா நெகிழும். சொதியில ஊத்துற தேங்காப்பால்ல கொழுப்பு, வயித்த விட்டுச் சீக்கிரம் எறங்காது. அதோட மல்லாந்தா அமிலம் மேல ஏறிரும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவுல மூணு மணி நேரமாவது வேணும். நெஞ்செரிச்சலும் புளிச்ச ஏப்பமும் மட்டுமில்ல, சிலருக்கு வறட்டு இருமலா வரும். அண்ணாச்சி ஆறு மாசமா விடிஞ்சதும் தொண்டையச் செருமுதாவளே, அதுவும் இதாத்தான் இருக்கும்னு எனக்குச் சந்தேகம்.

ஆனா ராத்திரியே கூட்டிட்டுப் போனது ரொம்பச் சரி. நெஞ்சடைப்போட வேர்வை, மூச்சு முட்டல், இடது கை, தாடை வலின்னா வாயுன்னு வீட்ல உக்காரப்பிடாது, 108ஐக் கூப்பிடணும். ஒரு ஈசிஜி நல்லாருக்குன்னு கிளம்பிரவும் பிடாது. ட்ரோபோனின் பாத்தாங்களா? இதயத் தசை அடிபட்டிருக்கான்னு காட்டுற ரத்தப் பரிசோதனை.

செல்வி அக்கா, 6:38
ரெண்டு தடவ பாத்தாச்சு சித்தப்பா. ரெண்டும் நார்மல்

ஆறுமுகம் மாமா, 6:44
தென்காசி அத்தானுக்கும் வாயுன்னுதான ஓமத்தண்ணி குடுத்தோம்

ராஜி அத்தை, 7:10
ஏங்க, அந்தப் பேச்ச எடுக்காதீங்க

மீனா மைனி, 7:15
பெரிய அண்டா யார் வீட்ல இருக்கு? சமையல்காரர் ஆள் அனுப்புதாராம்

செல்வி அக்கா, 7:22
அமிலத்தக் குறைக்க பேண்டோப்ரசோல் 40 எழுதிருக்காங்க. அது அப்பா ஏற்கெனவே போடுறதுதான

சங்கரன் சித்தப்பா, 7:23
எப்ப போடுதாவ?

செல்வி அக்கா, 7:24
ராத்திரி சாப்பிட்டதும், மூட்டுவலி மாத்திரையோட

சங்கரன் சித்தப்பா, 7:27
போச்சு. அது காலையில வெறும் வயித்துல, பலகாரத்துக்கு அரை மணி நேரம் முன்ன. சாப்பிட்ட பிறகு போட்டா சரியா வேலை செய்யாது. மூட்டுவலி மாத்திரை யாரு எழுதினது?

செல்வி அக்கா, 7:28
யாரும் எழுதல. மாமா மெடிக்கல்ல வாங்கிக் குடுத்த டைக்ளோபினாக்

ஆறுமுகம் மாமா, 7:29
எனக்கு அந்த மாத்திரை நல்லாக் கேக்குது

சங்கரன் சித்தப்பா, 7:33
உங்களுக்குக் கேக்கும் அத்தான். டைக்ளோபினாக் வயித்தப் புண்ணாக்கும். செல்வி, டாக்டர்கிட்ட அந்த அட்டையக் காமி. மலம் தார் மாதிரி கறுப்பாப் போகுதா, விழுங்கும்போது அடைக்குதா, தானா எடை குறைஞ்சிருக்கான்னும் அப்பாகிட்ட கேளு. ஒண்ணு இருந்தாலும் எண்டோஸ்கோப்பியத் தள்ளிப் போடக்கூடாது

ராஜி அத்தை, 7:40
ஈனோ கலக்கிக் குடுக்கலாமா

சங்கரன் சித்தப்பா, 7:41
அதுல சோடியம். அண்ணாச்சிக்குப் பிரஷர்

குமார் (பெங்களூரு), 7:42
பச்சப் பால்?

சங்கரன் சித்தப்பா, 7:46
கொஞ்ச நேரம் குளுகுளுன்னு இருக்கும், பிறகு அமிலம் கூடச் சுரக்கும். அதுக்குக் கட்டிலத் தூக்குங்க. தலையணைய அடுக்கினா வயிறு மடங்கி இன்னும் அமுக்கும். தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் அடியில ரெண்டு ரெண்டு செங்கல், ஆறு இஞ்ச் உசரம். இடது பக்கமாப் படுக்கணும்

மீனா மைனி, 7:48
செங்கலுக்கு எங்க போக

செல்வி அக்கா, 7:49
கொல்லையில கிடக்கே. சுவருக்கு வாங்கினது

பெரியப்பா, 8:20
அது சங்கரன் வாங்கின கல்லு. வேண்டாம்

குமார் (பெங்களூரு), 8:20
அப்பாட்ட போன் யாரு குடுத்தது

சங்கரன் சித்தப்பா, 8:24
நாலே நாலு கல்லுதான் அண்ணாச்சி

பெரியப்பா, 8:26
ஒரு அடி தள்ளிக் கட்டுதேன்னு சொல்லு. எடுத்துக்கிடுதேன்

செல்வி அக்கா, 8:31
எண்டோஸ்கோப்பி வெள்ளிக்கிழமை வச்சுக்கலாமான்னு கேக்காங்க

ராஜி அத்தை, 8:32
அன்னைக்கு மாப்பிள்ளை விருந்துல்லா

பெரியப்பா, 8:33
விருந்து முடியட்டும்

குமார் (பெங்களூரு), 8:33
அக்கா நீ சரின்னு சொல்லிரு

மீனா மைனி, 8:50
அண்டா???

ஆறுமுகம் மாமா, 8:52
எங்க மாடியில. வந்து எடுத்துக்கிடச் சொல்லு, எனக்கு மூட்டு வலி