நானாவதி அறிக்கை விவாதம் (2005): மூன்று சந்தேகங்கள்

கேள்வி: அவைக்குறிப்பு
1984 சீக்கியர் படுகொலை பற்றி 2005 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நடந்த விவாதத்தைப் படிக்கிறேன். அதை விசாரித்த நானாவதி ஆணையம் பிப்ரவரி 9-ஆம் தேதியே அறிக்கையைக் கொடுத்துவிட்டது. அவைக்கு வந்தது ஆகஸ்ட் 8. ஏன் இவ்வளவு தாமதம்? மக்களவையில் மட்டும் ஒத்திவைப்புத் தீர்மானம் (மற்ற அலுவலைத் தள்ளிவைத்து ஓர் அவசர விஷயத்தை விவாதிக்கக் கோருவது) ஏன்? ஆணையமே பெயர் சொன்ன பிறகு நேரே தண்டனைக்குப் போக என்ன தடை?

பதில்: விதி56
தேதியில் மர்மம் எதுவுமில்லை. 1952-ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டம், பிரிவு 3(4): அறிக்கை கிடைத்த ஆறு மாதத்துக்குள், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்ற குறிப்போடு சேர்த்து அவையில் வைக்க வேண்டும். அரசு கெடு முடியும் தறுவாயில் வைத்தது, அவ்வளவுதான்.

ஒத்திவைப்புத் தீர்மானத்தில் அரசைக் கண்டிக்கும் தொனி உண்டு. அமைச்சரவை மக்களவைக்குத்தான் பொறுப்பு என்பதால் மாநிலங்களவையில் அதற்கு இடமே கிடையாது. மக்களவையிலும் ஆட்சேபம் வந்தால் 50 பேர் எழுந்து நின்றால்தான் அனுமதி. விவாதம் குறைந்தது இரண்டரை மணி நேரம்.

அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் மன்னிப்புக் கேட்டது ஆகஸ்ட் 11, மாநிலங்களவையில். 10-ஆம் தேதி மக்களவைப் பதிவில் அதைத் தேடிவிட்டு ‘காணோம்’ என்பவர்கள் நிறைய.

பதில்: குறுக்குவிசாரணை
ஆணையம் நீதிமன்றம் அல்ல. பிரிவு 6-ஐப் பாருங்கள்: ஆணையத்தின் முன் ஒருவர் சொன்னதை அவருக்கு எதிராகவே வழக்கில் பயன்படுத்த முடியாது, பொய்ச்சாட்சி வழக்கு தவிர. ஆகவே போலீஸ் முதலிலிருந்து விசாரித்தாக வேண்டும்.

அங்கேதான் 1984-இன் கோளாறு குறுக்கே வருகிறது. அரசுக் கணக்கில் டெல்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டார்கள். பல தெருக்களில் பல பேர் செய்த கொலைகளைப் போலீஸ் ஒரே முதல் தகவல் அறிக்கையில் திணித்தது. எந்தச் சாட்சி எந்தக் கொலைக்கு என்று பிரிக்கவே முடியாமல் வழக்குகள் உதிர்ந்தன.

விவாதத்தைப் படிக்குமுன் நடவடிக்கைக் குறிப்பைப் படியுங்கள். தாக்குதல்களை ஏற்பாடு செய்ததில் அப்போது மத்திய அமைச்சராக இருந்த காங்கிரஸ்காரர் ஜகதீஷ் டைட்லருக்குக் கை இருந்திருக்க ‘மிகவும் வாய்ப்புண்டு’, அதற்கு நம்பத்தகுந்த சாட்சியம் இருக்கிறது என்றது ஆணையம். ‘வாய்ப்பு’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, ஆணையத்துக்கே உறுதியில்லை என்று குறிப்பு கைகழுவியது. அவையில் வெடித்ததே அந்த வரியால்தான். அவர் ஆகஸ்ட் 10 அன்று அமைச்சர் பதவியை விட்டார். 2023-இல் சிபிஐ அவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார்.

அவைக்குறிப்பு:
அப்படியானால் அந்த விவாதத்தால் பலன்?

பதில்: விதி56
உண்டு, நத்தை வேகத்தில். இந்த வழக்குகளை மறுபரிசீலனை செய்வோம் என்று பிரதமர் அவையில் உறுதி தந்தார். பிறகு 2005-லேயே டெல்லியின் பாலம் காலனி, ராஜ்நகர் கொலைகளுக்கு சிபிஐ வழக்குப் பதிந்தது: ஒரே குடும்பத்தில் ஐந்து பேர். 2013-இல் கீழ்க்கோர்ட் அந்த வழக்கில் காங்கிரஸ் முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமாரை விடுவித்தது. 2018 டிசம்பர் 17 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் அதைப் புரட்டி ஆயுள் தண்டனை கொடுத்தது. கொலைக்கும் தண்டனைக்கும் இடையில் 34 வருஷம்.

இன்னொன்று: மக்களவை விவாதத்தின் மூலப் பதிப்பில் இந்திப் பேச்சுகள் தேவநாகரியிலேயே இருக்கும். ஆங்கிலத்தில் மட்டும் தேடினால் பாதி அகப்படாது.