குறட்டை இல்லை, ஆனால் மூச்சு நின்று நின்று வருகிறது: உங்கள் வீட்டில் பார்த்ததுண்டா?

ஈசூன்காரி:
அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு. எக்கோ ஸ்கேனில் இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு 30 சதவீதம்தான். குறட்டை விடாத மனிதர் என்பதால் தூக்கத்தைப் பற்றி எந்த டாக்டரும் கேட்டதில்லை.

முதலில் பார்த்தது எங்கள் பணிப்பெண். "அக்கா, ஐயா மூச்சே விடல, வந்து பாருங்க" என்று எழுப்பினாள். கட்டிலருகே உட்கார்ந்தேன். மெல்லிய மூச்சு ஒவ்வொன்றாகப் பெரிதாகி, ஓடி வந்தவர் போல இரைத்து, மறுபடி சிறுத்து, அப்புறம் ஒன்றுமே இல்லை. வயிறுகூட அசையவில்லை. தொட்டு எழுப்பலாம் என்று கை நீட்டும்போது மறுபடி ஆரம்பித்தது. கைப்பேசியில் படம் பிடித்தேன்.

டாக்டர் பார்த்ததுமே "செயின்-ஸ்டோக்ஸ் சுவாசம்" என்றார். தளர்ந்த இதயத்தால் நுரையீரலிலிருந்து ரத்தம் மூளைக்குத் தாமதமாகப் போகிறதாம். கரியமில வாயு எவ்வளவு என்ற தகவல் மூளைக்குப் பழசாகவே கிடைப்பதால், அது தேவைக்கு மேல் மூச்சு வாங்க வைக்கும். வாயு குறைந்ததும் மூச்சையே நிறுத்திவிடும். தொண்டை அடைபடுவதில்லை, அதனால்தான் குறட்டையும் இல்லை.

தூக்கப் பரிசோதனையிலும் அதுவே உறுதியானது. பக்கத்து புளோக் அங்கிள், தூங்கும்போது போடும் தன் பழைய மூச்சுக் கருவியைத் தருகிறேன் என்றார். நல்ல மனசுதான், ஆனால் டாக்டர் கண்டிப்பாக வேண்டாம் என்றுவிட்டார். ஒவ்வொரு மூச்சுக்கும் ஏற்பக் காற்றழுத்தத்தை மாற்றும் ஏ.எஸ்.வி. கருவியை, அப்பாவைப் போல் இதயம் தள்ளும் அளவு 45 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள 1,325 பேரிடம் சோதித்து 2015இல் முடிவு வெளியிட்டார்களாம். மூச்சு சீரானது, இதய நோயால் இறந்தவர்கள்தான் கருவி போட்ட பக்கம் கூடுதல். அப்பாவுக்கு இதய மாத்திரைகளை மாற்றி, நீர் மாத்திரையைக் கூட்டினார்கள். இப்போது மூச்சு நிற்கும் நேரம் குறைந்திருக்கிறது.

பிடோக் அக்கா:
என் வீட்டுக்காரருக்கும் இதயம் பலவீனம்தான், ஆனால் அவருக்குத் தொண்டை அடைப்பு வகை. பகலெல்லாம் காலில் தேங்கும் நீர் படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறி நெருக்கும் என்றார் மிஸ்ஸி (நர்ஸ்). வீட்டுக்காரர் இப்போது சீபாப் போட்டிருக்கிறார், முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைக்கும் கருவி அது. முகமூடி மூக்குத்தண்டில் புண்ணாக்கியது, அளவு மாற்றிய பிறகு சரி.

ஈசூன்காரி:
அக்கா, அப்பாவுக்கும் சாயங்காலமானால் கால் வீங்கும். இரண்டு வகையும் ஒருவருக்கே இருக்கலாமாம், அடுத்த தடவை கேட்கிறேன்.