கடலில் நீந்திய நாயை போர் தண்ணீரில் கழுவலாமா?

வேதாரண்யத்தான்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. "கடல் உப்பே நாய்க்கு மருந்து. நீந்தவிட்டு அப்படியே வெயிலில் காயவிடுங்கள், சொறி, உண்ணி எல்லாம் ஓடிவிடும்" என்கிறார். அதற்கு ஏகப்பட்ட லைக் வேறு. உண்ணி உப்புக்கெல்லாம் ஓடாது. காய்ந்த உப்பு தோலின் ஈரத்தை இழுத்துவிடும். தோல் வறண்டு செதில் உதிரும், நாய் ஓயாமல் சொறியும், நக்கும். அவர் வளர்ப்பது லாப்ரடார். மேல்முடிக்கு அடியில் அடர்த்தியாக இன்னொரு முடி இருக்கிற சாதி. அதற்குள் ஈரம் தங்கி, நாயும் நக்கிக்கொண்டே இருந்தால் ஒரே ராத்திரியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண் வந்து நீர் வடியும். காது தொங்குவதால் உள்ளே பூஞ்சையும் சேரும். வீட்டுக்கு வந்ததும் கழுத்துப்பட்டையைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அடிமுடி வரை அலசி, காது மடலின் உள்புறத்தையும் விரலிடுக்கையும் துடைத்துக் காயவிட வேண்டும்.

நாகை_நெய்தல்:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாமே அண்ணே. எங்கள் குப்பத்து நாய்கள் பிறந்ததிலிருந்து கடலில்தான் கிடக்கின்றன. எதற்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சரி, உங்கள் திருப்திக்குக் கழுவுகிறேன் என்றே வையுங்கள். வீட்டில் போர் தண்ணீர்தான் இருக்கிறது. போதுமா?

வேதாரண்யத்தான்:
போர் தண்ணீரா? நாகைக் கரையோரம் நிலத்தடியில் கடல்நீர் உள்ளே ஏறிக் கிடப்பது ஊருக்கே தெரியும். குடிக்கக் கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீரை எதிர்பார்க்கிற ஊரில் இருந்துகொண்டு போர் தண்ணீரில் கழுவுவாராம். உப்பை உப்பால் கழுவி என்ன பயன்?

தஞ்சை_சிப்பிப்பாறை:
கொஞ்சம் கணக்குப் போடுங்கள் சார். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. வேறு வழியில்லாத ஊரில் குடிநீருக்கே 2000 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு, அதாவது 2 கிராம். போர் தண்ணீர் அந்த அளவில் இருந்தாலும் கடலில் 17 பங்கில் ஒன்றுதான். தாராளமாக ஊற்றினால் கடல் உப்பு இறங்கிவிடும்.

வேதாரண்யத்தான்:
தஞ்சாவூரில் உட்கார்ந்து நாகை போர் தண்ணீருக்குக் கணக்குப் போடுகிறீர்கள். அவர் வீட்டுத் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கிற உப்புகளின் அளவு, எவ்வளவு என்று தெரியுமா? அந்த வாளியைப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். அதுதான் நாயின் தோலிலும் படியும்.

தஞ்சை_சிப்பிப்பாறை:
வாளியில் படிவது பெரும்பாலும் சுண்ணாம்பு, கடல் உப்பு இல்லை. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

வேதாரண்யத்தான்:
1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்த மண்ணில் பிறந்தவன் நான். உப்பளத்தில் நிற்கிறவர்களின் காலைப் பார்த்து வளர்ந்தவன். வெடிப்பும் புண்ணுமாக இருக்கும். உப்பு தோலை என்ன செய்யும் என்று எனக்குப் பாடம் வேண்டாம். டிடிஎஸ் எவ்வளவு?

நாகை_நெய்தல்:
ராஜாஜி நாய் குளிப்பாட்டவா வந்தார்?

குடந்தை_ராஜா:
போர், பைப் என்று எதற்குச் சண்டை? நான் ராஜபாளையம் வளர்க்கிறேன். தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போய் வந்ததும் சீயக்காய் தேய்த்து, அப்புறம் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன். முடி பளபளவென்று இருக்கும்.

வேதாரண்யத்தான்:
எண்ணெய் தடவினால் நாய் முழுக்க நக்கித் தின்னும், வயிற்றால் போகும். ஈரத்தின் மேலே எண்ணெயைப் பூசினால் தோல் காயவும் காயாது. சீயக்காய் கண்ணில் பட்டால் அது துடிக்கிற துடிப்பைப் பார்த்திருக்கிறீர்களா? மனிதர்களுக்கான ஷாம்பும் வேண்டாம். நம் தோல் அமிலப் பக்கம் இருக்கும், நாய்த் தோல் நடுநிலைக்குப் பக்கத்தில். நாய்க்கென்று விற்கிற மென்மையான ஷாம்பு போதும், அதுவும் எப்போதாவது. ராஜபாளையத்துக்கு மூக்கும் தோலும் இளஞ்சிவப்பு, மதிய வெயிலில் கடற்கரைக்கே கூட்டிப்போகக் கூடாது. இது தெரியாமல் வளர்க்கிறீர்கள்.

குடந்தை_ராஜா:
போன வருஷம் என்னிடம் குட்டி கேட்டீர்கள், நான் தரவில்லை. அந்தக் கோபத்தை இங்கே காட்டாதீர்கள்.

வேதாரண்யத்தான்:
குட்டி கேட்டது என் மச்சான். தாய் நாயைக் காட்டச் சொன்னான், நீங்கள் காட்டவில்லை. அதையும் எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும்.

மன்னை_பாமணி:
ஆற்றில் ஓடுகிற தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் முடிந்தது. டெல்டாக்காரனுக்குத் தண்ணீருக்கா பஞ்சம்?

நாகை_நெய்தல்:
உங்கள் மன்னார்குடியில் ஓடும். மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் எங்களுக்கு உயிர் போய்விடும். ஜனவரி 28-இல் மூடியதும் ஆறு மணல்தான். மே மாதம் எந்த ஆற்றில் முக்குவது?

வேதாரண்யத்தான்:
இந்த ஒரு விஷயத்தில் நெய்தல் சொல்வது நியாயம். அதோடு வயலை ஒட்டிய தேங்கின வாய்க்காலில் எலி மூத்திரம் கலந்திருக்கும். சொறிந்து புண்ணான தோல் வழியாக எலிக்காய்ச்சல் ஏறும், நாய்க்கும் வரும், குளிப்பாட்டுகிற ஆளுக்கும் வரும். தடுப்பூசி போடாத நாயை வாய்க்காலில் இறக்காதீர்கள். ஆனால் அதற்காகப் போர் தண்ணீரை ஒத்துக்கொள்ள மாட்டேன். கொள்ளிடத்துத் தண்ணீர் வருகிற நாளில் ஒரு குடம் பிடித்து வையுங்கள், அல்லது மழைத்தண்ணீர் சேமியுங்கள்.

தஞ்சை_சிப்பிப்பாறை:
மனிதர்கள் குடிக்கக் காத்துக்கிடக்கிற தண்ணீரை நாய்க்கு ஊற்றச் சொல்கிறீர்களா? ஒரு குடத்தில் லாப்ரடாரின் அடிமுடி நனையுமா? முதலில் போர் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிவிட்டு, கடைசியில் வேண்டுமானால் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றட்டும்.

வேதாரண்யத்தான்:
கடைசியில் நல்ல தண்ணீர் வேண்டும் என்கிறீர்கள் அல்லவா? நான் சொன்னதும் அதுதான்.

தஞ்சை_சிப்பிப்பாறை:
நீங்கள் போர் தண்ணீரே கூடாது என்றீர்கள். மேலே போய்ப் படியுங்கள்.

நாகை_நெய்தல்:
என் நாய்க்கு ஒரு புண்ணும் இல்லை. காதைத்தான் அடிக்கடி உதறுகிறது, அது பழக்கம்.

வேதாரண்யத்தான்:
அது பழக்கம் இல்லை தம்பி. காதுக்குள் மோந்து பாருங்கள். புளித்த வாடை அடித்தால் மருந்து எதையும் நீங்களாக ஊற்றாமல், ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிக்கோ பக்கத்து மருத்துவரிடமோ நாளைக்கே கூட்டிப் போங்கள். போகும்போது உங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ் எவ்வளவு என்றும் அளந்து இங்கே போடுங்கள்.

நாகை_நெய்தல்:
மீட்டரை நீங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள் அண்ணே. அளந்து காட்டுகிறேன், பார்க்கலாம்.

குடந்தை_ராஜா:
நான் தாய் நாயைக் காட்டவில்லை என்று சொன்னீர்களே, அதை நான் விடமாட்டேன். உங்கள் மச்சானை இங்கே வந்து பேசச் சொல்லுங்கள்.