ஹைபனை மொத்தமாக அழித்தேன், தலைவர் ராஜினாமா செய்துவிட்டார்!

பாளை டிடிபி:
அண்ணாச்சிமாரே, ஒரு உதவி. பாளையங்கோட்டையில் சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையை இங்கிலீஷில், வேர்டில் பக்கத்துக்கு இரண்டு பத்தியாக அடித்தேன். இரண்டு ஓரமும் நேராக நிற்க ஜஸ்டிஃபை கொடுத்ததும் வரிக்குள் ஓட்டைப் பல் மாதிரி இடைவெளி. சரி என்று வரி முடிவில் நீளமான சொற்களை நானே ஹைபன் (சொல்லுக்கு நடுவே போடும் சிறு கோடு) தட்டி உடைத்தேன். அப்புறம் எழுத்தளவை 11-இலிருந்து 10 ஆக்கச் சொன்னார்கள். வரியெல்லாம் நகர்ந்து, ஹைபன்கள் நடுவரியில் வந்து நின்றன. ரீப்ளேஸ் ஆல் போட்டு அத்தனையையும் அழித்தேன். புரூஃப் பார்த்த தலைவர் போனில் ஏசுகிறார்: "நான் எப்பம் வே ராஜினாமா பண்ணுனேன்?" கடைக் குத்தகையில் மறுபடி கையெழுத்திட்டார் என்று வரவேண்டிய இடம் அது. எழுத்து ஒன்றுகூட மாறவில்லையே?

வண்ணார்பேட்டை வாத்தியார்:
தம்பி, நீங்கள் அழித்தது இரண்டு வகை ஹைபன். ஒன்று வரிமுனைக்காக நீங்கள் போட்டது. மற்றது சொல்லோடு பிறந்தது. 'ரீ'க்குப் பின் ஹைபன் இருந்தால் 'சைன்டு' தனியாக நிற்கும், மறுபடி கையெழுத்திட்டார். அதை எடுத்தால் 'ரிசைன்டு', பதவி விலகினார். 'ரிகவர்' என்றால் நோயிலிருந்து தேறுவது. நடுவில் ஹைபன் வந்தால் சோபாவுக்குப் புது உறை போடுவது. அட்டையில் 'கோ-ஆபரேட்டிவ்' என்னாயிற்று என்றும் பாருங்கள். ஹைபன் இல்லாமல் எழுதுவது தப்பில்லை, ஆனால் பதிவுப் பெயரில் நாம் கைவைக்கக் கூடாது.

பாளை டிடிபி:
ஐயையோ, அட்டை அச்சுக்கே போய்விட்டது ஐயா! எது பிறவி ஹைபன் என்று அகராதியில் இருக்குமா?

வண்ணார்பேட்டை வாத்தியார்:
இருக்கும், ஆனால் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2007-இல் ஏறத்தாழ 16,000 சொற்களில் ஹைபனை எடுத்துவிட்டது. ஐஸ்கிரீம் ஹைபன் இல்லாத இரண்டு சொல்லானது, பம்பிள்பீ ஒரே சொல்லானது.

தென்காசி புரூஃப்:
வரிமுனைக்கு இனி வெறும் ஹைபன் தட்டாதீர்கள். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு ஹைபன் தட்டுங்கள். சொல் வரிமுனைக்கு வந்தால் மட்டும் அது அச்சில் தெரியும், நகர்ந்தால் மறைந்துவிடும். தமிழில் அனேகமாக எந்த எழுத்துக்குப் பின்னும் ஹைபன் இல்லாமலே மடக்கிப் பழகிய கை நமக்கு. இங்கிலீஷில் அது செல்லாது. 'மேன்ஸ்லாட்டர்' என்றால் ஆளைக் கொன்ற குற்றம். 'மேன்' முடிந்ததும் வெட்டாமல் எஸ் எழுத்தையும் சேர்த்து வெட்டினேன் ஒருமுறை. அடுத்த வரியில் மிச்சம் நின்றது 'லாஃப்டர்', சிரிப்பு! 'ரெக்கார்ட்' இன்னும் வம்பு: பெயர்ச்சொல் என்றால் சி எழுத்துக்குப் பின், வினைச்சொல் என்றால் அதற்கு முன். அமெரிக்க அகராதிகள் உச்சரிப்பைப் பார்த்துத்தான் பிரிக்கின்றன.
போனதை மீட்க, சங்கம் கொடுத்த மூலப்பிரதியோடு வரிவரியாக ஒப்பிடுவதுதான் வழி, அண்ணாச்சி.

பாளை டிடிபி:
ராத்திரி உட்கார்ந்து ஒப்பிட்டேன். பிறவி ஹைபன் ஒன்பது போயிருந்தது. தலைவர் பதவிக்குத் திரும்பிவிட்டார். அட்டையை மட்டும் மறுபடி அடிக்க வேண்டும், என் செலவில்.