சித்தப்பா சொன்ன அந்தப் பெயர்

1996-இல் எனக்குப் பதினோரு வயது. சித்தப்பா ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு மோட்டார் காணாமல் போனது. "சும்மா விசாரணைதான், சாயந்திரம் விட்டுடுவோம்" என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் வாசலில் வந்து நின்றார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. பாதம் வீங்கி, வாருக்குள் நுழையவில்லை.

லாடம் கட்டியிருந்தார்கள். காலைக் கட்டி உள்ளங்காலில் லத்தியால் அடிப்பதற்கு அந்தப் பெயர். அப்புறம் குதிக்கச் சொன்னார்களாம், வீக்கம் தெரியாமல் இருக்க. பாட்டி தவிடு வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். அவர் ஒரு சத்தம்கூடப் போடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

எதற்காக அடித்தார்கள் என்பது நான் சட்டம் படிக்கப் போன பிறகுதான் விளங்கியது. போலீசிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. 1872-ஆம் வருடச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு அது. ஆனால் பிடிபட்டவர் சொல்லி ஒரு பொருள் கிடைத்துவிட்டால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த அளவுக்கு அவர் பேச்சு செல்லும் என்கிறது 27-ஆவது பிரிவு. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தும் இந்த விதி தொடர்கிறது. ஸ்டேஷனில் 'ரெகவரி, ரெகவரி' என்று பறப்பது இதற்காகத்தான். யார் எடுத்தது என்பது அவர்களுக்கு அவசரமில்லை. ஒரு பொருள் வேண்டும், இல்லையென்றால் ஒரு பெயர் வேண்டும்.

1984-ஆம் வருட ஐ.நா. உடன்படிக்கையில் சித்திரவதைக்கு ஒரு விளக்கம் உண்டு. அரசு அதிகாரத்தில் இருப்பவர், தகவலோ ஒப்புதலோ வாங்க, தண்டிக்க, மிரட்ட, வேண்டுமென்றே உடலுக்கோ மனதுக்கோ கடும் வலி தருவது. இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்னும் உறுதிப்படுத்தவில்லை. அந்த விளக்கத்தில் 'மனது' என்ற சொல்லை நான் கவனிக்காமலே கடந்திருந்தேன்.

2020 ஜூனில் சாத்தான்குளத்து அப்பா, மகன் சாவுச் செய்தி டிவியில் ஓடியது. சித்தப்பா அன்றுதான் முதல்முறையாக வாய் திறந்தார்.

"ரெண்டாம் நாள் ராத்திரி தாங்க முடியலம்மா. பழைய இரும்புக் கடைக்காரர் பேரைச் சொல்லிட்டேன். அவர்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசினதுகூட இல்ல. போற வழியில போர்டுல பார்த்த பேரு. அன்னிக்கே அவரைத் தூக்கிட்டு வந்தாங்க. அவர் கத்துறது பக்கத்து ரூம்ல எனக்குக் கேட்டுச்சு."

மோட்டார் கடைசிவரை கிடைக்கவில்லை. இருபத்துநான்கு வருடமாக அவர் அந்தத் தெருப் பக்கமே போகாமல், குளத்தைச் சுற்றிக்கொண்டுதான் சந்தைக்குப் போய்வந்திருக்கிறார்.