விரல் இழுத்தாலும் பிந்தித்தான் பாய்கிறான், உதவுங்கள்

உப்புவெளியான்:
அவசரம். புதிதாக வந்த ஓட்ட கேம் ஒன்றை இறக்கினேன். விரலை மேலே இழுத்தால் பையன் பிந்தித்தான் பாய்கிறான், அதற்குள் ரயிலில் மோதிவிடுகிறான். பழைய ஓட்ட கேமான சப்வே சர்ஃபர்ஸ் இதே போனில் நன்றாக ஓடியது. இன்று பின்னேரம் அக்காவின் மகன் மூதூரிலிருந்து வருகிறான், புது கேம் காட்டுவதாகச் சொல்லிவிட்டேன். என்ன செய்யலாம்?

கடற்காகம்:
என்ன போன் அண்ணா? ஆண்ட்ராய்டா, ஐபோனா? ரேம் எவ்வளவு?

நிலா72:
கேமின் பெயரையும் சொல்லவில்லையே. தொடக்கத்திலிருந்தே பிந்துகிறதா, போன் சூடான பிறகா?

திருமலைக்கிழவன்:
டெம்பர் கிளாஸ்தான். மத்திய வீதியில் தடித்த கண்ணாடி ஒன்றை ஒட்டிய நாளிலிருந்து என் போனும் இப்படித்தான். கழற்றிப் பாருங்கள்.

கடற்காகம்:
அதே கண்ணாடியில் பழைய கேம் ஓடுகிறது என்கிறாரே ஐயா.

முதலோட்டம்:
இதற்கு இங்கே பல தடவை பதில் எழுதிவிட்டேன், தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. அடிப்படையைப் படியுங்கள் தம்பி. 2009இல் ஆடம் சால்ட்ஸ்மன் செய்த கேனபால்ட் என்ற கூரை ஓட்ட கேமில் ஒரே கட்டளைதான், பாய். விரல் பட்ட கணமே பாய்வான். பெட்டியில் இடறினால் வேகம் குறையும், அதுகூட ஆடுபவருக்கு உதவி, ஏனென்றால் வேகம் கூடக் கூடக் கூரைகளைத் தாண்டுவது கடினம். இழுப்பில் விரல் சற்று நகர்ந்த பிறகுதான் அது இழுப்பு என்று கேமுக்குப் புரியும். பிந்தாமல் என்ன செய்யும்?

நிலா72:
2011இல் வந்த டெம்பிள் ரன்னும் இழுப்புத்தானே அண்ணா? அதில் திருப்பத்தில் விரலை இழுத்தால் உடனே திரும்பினான். இழுப்பைக் குறை சொல்லாதீர்கள். புது கேம்கள் நாணயம், உடுப்பு, தினப்பரிசு, பெட்டி என்று அடுக்கிவிட்டு ஓட்டத்தைக் கவனிப்பதில்லை. விழுந்தவுடன் மறுபடி ஓடத்தான் கை துடிக்கும். அங்கே நாலு பக்கம் தட்டிக் கடக்க வேண்டியிருக்கிறது.

திருமலைக்கிழவன்:
அது உண்மை பிள்ளை. 2022 மின்வெட்டில் ரவுட்டர் நின்றுபோக, மடிக்கணினியில், நெட் இல்லாதபோது குரோமில் வரும் டைனோசர் கேம்தான் எங்களுக்குத் துணை. 700 புள்ளியில் திரை கறுத்து இரவாகும், அப்போது மகள் கைதட்டுவாள். ஒரே விசை, கள்ளி, ஓட்டம். வேறென்ன வேண்டும்?

முதலோட்டம்:
டைனோசர் 2014இல் வந்தது. ஒற்றை விசையை அதற்கு முன்பே கேனபால்ட் காட்டிவிட்டது.

திருமலைக்கிழவன்:
யார் முதல் என்று நான் கேட்கவில்லை. என் மகள் சிரித்தாள், அதைத்தான் சொன்னேன்.

உப்புவெளியான்:
மன்னிக்கவும், நெட் விட்டுவிட்டு வருகிறது. ஆண்ட்ராய்டு 11, 3 ஜிபி. தொடக்கத்திலிருந்தே பிந்துகிறது. பேட்டரி 18 சதவீதம், சேமிப்பு முறையில் இருக்கிறது.

கடற்காகம்:
இதை முதலே சொல்லியிருக்கலாமே அண்ணா! சேமிப்பு முறை போனின் வேகத்தைக் குறைக்கும். பழைய கேம் இலகுவானது, தாங்கிவிடும். புதியது திணறும். வினாடிக்கு 60 ஃப்ரேம், அதாவது திரையில் 60 படம் என்றால் ஒன்றுக்குச் சுமார் 17 மில்லிவினாடி, 30 ஆகிவிட்டால் 33. விரலை இழுத்து, ஓரிரு ஃப்ரேம் கழித்துப் படம் மாறும்போது ரயில் வந்துவிடும். சார்ஜ் போட்டுச் சேமிப்பை நிறுத்துங்கள், கேமின் அமைப்பில் கிராஃபிக்ஸைக் குறையுங்கள். அப்புறம், திரையின் அடி விளிம்பிலிருந்து இழுக்காதீர்கள், அந்த இழுப்பை ஆண்ட்ராய்டு தனக்கென்று எடுத்துக்கொள்ளும். நடுத்திரையில் இழுத்துப் பாருங்கள்.

முதலோட்டம்:
நானும் இதைத்தான் சொல்ல வந்தேன்.

நிலா72:
சொல்லவில்லையே அண்ணா.

உப்புவெளியான்:
சேமிப்பை நிறுத்தினேன், கிராஃபிக்ஸையும் குறைத்தேன். இப்போது இழுத்தவுடன் பாய்கிறான். ஆனால் மருமகன் மூன்று தடவை விழுந்ததும் நீண்ட விளம்பரம் ஒன்று வந்தது. மாமா, பழையதைப் போடுங்கள் என்றான். போட்டுக் கொடுத்துவிட்டேன், ஓடிக்கொண்டிருக்கிறான். நன்றி கடற்காகம்.